'இனி அவசரம் இல்ல' என்றார் எம்.எல்.ஏ.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு மலையாளத்தில் ஒரு கட்டுரை கேட்டார்கள். சோலார் மானியத்தைக் குறைக்க வந்தபோது எம்.எல்.ஏ.க்களைப் போய்ப் பார்த்து நாங்கள் எப்படி ஜெயித்தோம் என்று எழுத வேண்டுமாம். இப்போதெல்லாம் எல்லாம் மெயிலில் போய்விடுகிறது. நேரில் போய் நின்ற கதை புதுசாக வந்தவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும் போல. ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை, எழுதிக் கொடுத்தேன். அச்சில் பார்த்தபோது எனக்கே எரிச்சல் வந்தது. ஜெயித்தோமா என்பதே தெரியாமல் எப்படி ஜெயித்தோம் என்று எழுதினால் வேறு எப்படி இருக்கும்? அதனால் நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதிப் பார்க்கிறேன். எழுதி முடிக்கும்போது தெளிவு வந்தால் என் அதிர்ஷ்டம்.

நான் மலையாளத் தலைநகரில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த கரமனையில் பிறந்து, கரமனையிலேயே பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். டைப்ரைட்டிங் படித்து, சாலைக் கடைத்தெருவில் எலக்ட்ரிக் சாமான் விற்கும் கடையில் பில் போட்டேன். அந்த முதலாளியும் இன்னும் சிலரும் வீட்டுக் கூரையில் சோலார் பேனல் மாட்டும் தொழிலில் இறங்கி, பிறகு தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். நான் அதற்கு ஆபீஸ் செக்ரட்டரி ஆனேன். தம்பானூரில் ஒரு மாடி அறை, கீழே புட்டும் கடலையும் விற்கும் கடை. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

சங்கத் தலைவர் குறுப்பு சார். மின்துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதுவதற்கு, மற்றது எம்.எல்.ஏ. கையெழுத்துப் போடப் பேனா தேடினால் நீட்டுவதற்கு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "எல்லாம் விசாலத்தின்டெ இஷ்டம்" என்பார். விசாலம் நான்தான். அதைக் கேட்டால் பேச்சை அதோடு நிறுத்திவிடுவேன்.

மக்கள் பிரதிநிதியைப் பார்க்கப் போவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கோரிக்கை ஒரு தாளில் ஒரு பக்கம்தான். ஒருவரிடம் ஒன்றைத்தான் கேட்க வேண்டும், அதுவும் அவரால் கொடுக்கக்கூடியதை. எதிர்க்கட்சிக்காரரிடம் சபையில் ஒரு கேள்வி. ஆளுங்கட்சிக்காரரிடம் மந்திரி காதில் ஒரு வார்த்தை. 'குறைப்பு' என்ற சொல்லை ஆளுங்கட்சிக்காரர் முன்னால் எடுக்கவே கூடாது, குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும். உட்காரச் சொல்லும்வரை உட்காரக் கூடாது. டீ வந்தால் மறுக்கக் கூடாது. "டீ குடிக்குந்ந சமயம் நம்முடெ சமயம்" என்பார். ஆறிப்போன டீயை அவர் மெள்ள மெள்ளக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லி முடிப்பதைப் பார்க்க வேண்டும். நான் சூடாகவே மடமடவென்று குடித்துவிட்டு அவரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு விதிகள். கிடைத்த வார்த்தையை அங்கேயே, அவர் முகத்துக்கு முன்னாலேயே, திருப்பிச் சொல்லி உறுதி வாங்க வேண்டும். உறுதி வாங்கியபின் அதே விஷயத்தை இரண்டாம் முறை கேட்கவே கூடாது. கேட்டால் முதலில் கொடுத்த வார்த்தையும் போய்விடும். இந்த இரண்டையும் நான் வேதவாக்காக நம்பியிருந்தேன், செல்லத்தாய் விஷயம் வரும்வரை.

மானியம் குறையப்போகிறது என்று செய்தி வந்தது. ஒரு கடைசித் தேதி வைத்தார்கள். அதற்குள் பேனல் மாட்டி, கரண்ட் ஆபீஸிலிருந்து இன்ஜினீயர் வந்து பார்த்து, புது மீட்டர் வைத்து முடித்தவர்களுக்குப் பழைய மானியம். பிந்தியவர்களுக்குக் கொஞ்சூண்டு. தேதி வைத்தவர் மழையை நினைக்கவில்லை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. மலைப்பக்கத்து வீடுகளில் கூரைமேல் ஆள் ஏற முடியாது. குறைப்பைத் தடுக்க முடியாது என்று குறுப்பு சாருக்குத் தெரியும். மழை முடியும்வரை தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்போம் என்றார்.

கூட்டம் கூட்டிக்கொண்டு போவது அவர் வழக்கமில்லை. ஒரே ஒரு ஆள் போதும், அழாத ஆளாக வேண்டும் என்றார். எங்கள் சங்கத்தில் களியக்காவிளைப் பக்கத்து டேனியல் என்று ஒரு கான்ட்ராக்டர் உண்டு. அவர் கொண்டுவந்து நிறுத்தியவள்தான் செல்லத்தாய். போனக்காடு எஸ்டேட்டில் பிறந்து, அங்கே கொழுந்து பறித்து, பிறகு கல்லாறில் இறங்கி வந்து வீடு கட்டியவள். பொன்முடிக்குப் போகிற டூரிஸ்டுகளுக்கு உப்பிலிட்ட நெல்லிக்காயும் மாங்காயும் விற்கிறாள். புருஷன் பொன்னையாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். சிலிண்டர் இல்லை, காற்றிலிருந்தே பிரித்தெடுத்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் கரண்ட் மெஷின். நாள் முழுக்க ஓடவேண்டியது. கரண்ட் பில்லைக் கட்டி மாளவில்லை என்பதால் பேனல் மாட்டலாம் என்று கூட்டுறவு பாங்கில் லோன் எழுதியிருந்தாள். மானியம் குறைந்தால் பாங்க் கொடுப்பதை வைத்து வேலை முடியாது.

நாங்கள் பார்க்கப் போனது ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரை. எந்தத் தொகுதி என்று எழுதப்போவதில்லை, நல்ல மனுஷர். காலையில் எம்.எல்.ஏ. ஹாஸ்டல் அறையில் பார்க்கச் சொல்லியிருந்தார். வாசலில் டிரான்ஸ்ஃபர் கேட்டு நாலு பேர், ஆஸ்பத்திரிச் சிபாரிசுக்கு இரண்டு பேர். எங்கள் முறை வந்து, டீயும் வந்து, குறுப்பு சார் தன் வேலையை ஆரம்பித்தார். எம்.எல்.ஏ. தாளை வாங்கிப் படித்துவிட்டுச் செல்லத்தாயைப் பார்த்தார். தமிழ்க்காரி என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாகர்கோவிலில் படித்தவராம்.

"எப்படி இருக்கீங்கம்மா? வீட்டுக்காரர் சுகமா?"

"இருக்காருய்யா. மழையில ஷீட்டு வழுக்குது, ஆள ஏத்த முடியல. கொஞ்சம் நாள் தள்ளித் தந்தியன்னா போதும்."

"மனசிலாச்சு அம்மா. நான் மினிஸ்டர்கிட்ட பேசியாச்சு. இனி அவசரம் இல்ல. சமாதானமா போயிட்டு வாங்க."

குறுப்பு சார் கோப்பையைக் கீழே வைத்தார். தன் விதிப்படி வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். "அப்போள் இனி அவசரம் இல்லா, அல்லே சார்?"

"இல்லா" என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தால் செல்லத்தாய் முகம் மலர்ந்திருக்கிறது, குறுப்பு சார் முகம் செத்துக் கிடக்கிறது. "கழிஞ்ஞு, விசாலம்" என்றார் என்னிடம். முடிந்தது என்று அர்த்தம். செல்லத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கமான மனுசன்க்கா. மழ விட்டப்பறம் மாட்டிக்கிடலாம்னு சொல்லிட்டாரே" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் கேட்டார்கள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இனி அவசரம் இல்லை என்றால் இனிமேல் வாய்ப்பே கிடையாது, தேதி தள்ளமாட்டார்கள், இருக்கிற நாளுக்குள் ஓடி ஓடி வேலையை முடி. தமிழில் சொல்லவே வேண்டாம். பதறாதே, மெதுவாகச் செய். ஒருவருக்கு ஓடு என்றும் ஒருத்திக்கு உட்கார் என்றும் கேட்டிருக்கிறது. நடுவில் நான் நிற்கிறேன், இரண்டு காதிலும் இரண்டு அர்த்தத்தோடு.

செல்லத்தாய்க்கு மலையாளம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பகல் முழுக்க மலையாளத்தில்தான் வியாபாரம். ஆனால் ஒருவர் தமிழில் பேச ஆரம்பித்தால் அவள் தமிழில்தான் கேட்பாள். எம்.எல்.ஏ. பேசியது தமிழா? 'எப்படி இருக்கீங்கம்மா' தமிழ். 'போயிட்டு வாங்க' தமிழ். 'மனசிலாச்சு' மலையாளம். 'சமாதானமா' என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? நடுவில் உட்கார்ந்திருக்கிற 'அவசரம்' எந்த வீட்டுப் பிள்ளை? குறுப்பு சார் மலையாளத்தில் கேட்டார், அவரும் மலையாளத்தில் 'இல்லா' என்றார், சரி. ஆனால் தான் தமிழில் நினைத்துச் சொன்னதைத்தான் குறுப்பு சார் திருப்பிச் சொல்கிறார் என்று எம்.எல்.ஏ. எடுத்துக்கொண்டு 'இல்லா' என்றிருந்தால்? உறுதி வாங்கியதில் குழப்பம் இரட்டித்ததுதான் மிச்சம்.

ஆத்தில் வந்து எங்காத்துக்காரரிடம் கேட்டேன். அவர் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் தமிழ்ல பேசினாரா, மலையாளத்திலயா?"

"ரெண்டும் கலந்தாக்கும்."

"அப்போ நம்மாத்துல பேசற மாதிரி. நமக்கு மனசிலாகாதா என்ன?"

"நம்மாத்துல அவசரம்னா என்ன?"

அவர் கத்தியை நிறுத்தி யோசித்தார். "அவசரமா குளிச்சுட்டு வரேன்னு சொல்றோம். பந்தியில உக்கார அவசரம் கெடச்சுதான்னும் கேக்கறோம். ரெண்டுந்தான்."

"இத்தனை வருஷமா எப்படி ஒருத்தருக்கொருத்தர் புரிஞ்சுண்டோம்?"

"புரிஞ்சுண்டோம்னு யார் சொன்னா?" என்று சொல்லிவிட்டு மறுபடி வாழைக்காயை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் குறுப்பு சாரிடம் கேட்டேன். இன்னொரு தடவை போய் எதைச் சொன்னார் என்று கேட்டுவிடலாமே என்றேன். அவர் பேனாவை மூடினார். "ரெண்டாமது சோதிச்சால் உள்ளதும் போகும். எல்லாம் விசாலத்தின்டெ இஷ்டம்." இரண்டாவது முறை கேட்டால் இருப்பதும் போய்விடுமாம். எல்லோருக்கும் போன் போட்டு, தேதிக்குள் முடிக்கும்படி சொல்லச் சொன்னார். சொன்னேன். டேனியல் மட்டும் தயங்கினார்.

"நான் ஆள் அனுப்பலாம் மேடம். ஆனா வீட்டுக்காரி சம்மதிக்காம ஒருத்தனையும் கூரையில ஏத்தமாட்டேன். அவ வேண்டாம்னு சொல்லுதா. மழையில எவனாவது விழுந்தா யாரு பதில் சொல்லுவா?"

செல்லத்தாயைக் கூப்பிட்டால் அவளுக்குக் கோபம். "அவரு வாயாலயே எங்கிட்டத் தமிழ்ல சொன்னாருக்கா. நீங்க ஏன் மாத்திச் சொல்லுதிய? எங்கூரையில ஏறி ஒரு புள்ள கால ஒடிச்சுக்கிட்டா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவள் கேட்ட அர்த்தமே சரியாக இருந்து, நான் அவசரப்படுத்தி ஒருவன் விழுந்தால்? குறுப்பு சார் கேட்டது சரியாக இருந்து, நான் சும்மா இருந்து அவள் மானியம் போனால்? இரண்டு நாள் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று பொன்முடி பஸ்ஸில் ஏறினேன். போய் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கல்லாறு வந்து இறங்கும்வரை தெரியவில்லை.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். சின்ன வீடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை, பாதியில் பாசி. பொன்னையா கட்டிலில் முன்பக்கமாகக் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மெஷின் மூலையில் சத்தமில்லாமல் இருந்தது. குழாய் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. கரண்ட் இல்லையோ என்று கேட்டேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் நிறுத்தி வச்சிருவோம்க்கா" என்றாள் செல்லத்தாய், என் முகத்தைப் பார்க்காமல். "பில்லு கட்டணும்லா. பொழுது சாய போட்டுருவோம். டாக்டர்கிட்டச் சொல்லிராதிய."

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் பொன்னையா. அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு மூச்சு எடுத்தார்.

எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் இதை யாரும் சொல்லவில்லை. அழாத ஆள் வேண்டும் என்று கேட்டு வாங்கியது நாங்கள்தானே. செல்லத்தாயிடம் மலையாளத்து அவசரத்தையும் தமிழ் அவசரத்தையும் விளக்கினேன். அவள் நம்பவில்லை.

"அப்ப அவரு பொய் சொன்னாரா, இல்ல நீங்க சொல்லுதியளா?"

"யாரும் பொய் சொல்லலை செல்லத்தாய். அவர் எதைச் சொன்னார்னு எனக்குத் தெரியலை. சத்தியமாத் தெரியலை."

அவ்வளவு படித்து, அவ்வளவு எம்.எல்.ஏ.க்களைப் பார்த்து, அந்த மலையடிவாரத்தில் என்னால் சொல்ல முடிந்தது அதுதான். பொன்னையாதான் பேசினார். நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அவரு... எப்படிச் சொல்லியிருந்தா என்ன. எனக்கு... அவசரந்தான்."

செல்லத்தாய் எழுந்துபோய் மெஷினைப் போட்டாள்.

டேனியலின் ஆட்கள் மழை விட்டிருந்த ஒரு காலையில் வந்தார்கள். நானும் போயிருந்தேன். என்னவோ, நான் நின்றால் ஒருவரும் விழமாட்டார்கள் என்பதுபோல் எனக்கு ஒரு நினைப்பு. முதலில் பழைய துணியால் ஷீட்டைத் துடைத்தார்கள். பிறகு சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு, ஷீட்டில் பாரம் விழாதபடி பலகைமேல் மட்டும் நடந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் கயிறு, கயிற்றின் மறுமுனை பின்னால் நின்ற பலாமரத்தில். டேனியல் கீழே நின்று "பலகையில மட்டும், பலகையில மட்டும்" என்று ஜபம் செய்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு போல்ட் உருண்டது. அதைப் பிடிக்க அவரே ஏணியில் ஏறி ஒரு எட்டு வைத்தார், பலகையை விட்டு. ஷீட் உடைந்து அவருடைய ஒரு கால் முழங்கால்வரை வீட்டுக்குள் இறங்கிவிட்டது. பொன்னையாவின் கட்டிலுக்கு நேர்மேலே. பொன்னையா குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "செருப்பக் கழத்திட்டு உள்ள வரச் சொல்லு" என்றார். பயந்து நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம். டேனியலுக்குச் சிராய்ப்புதான். ஓட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கரண்ட் ஆபீஸ் இன்ஜினீயர் வந்து பார்த்து, மீட்டரும் வைத்து, தேதிக்குள் எல்லாம் முடிந்தது.

முடிந்த கையோடு உத்தரவு வந்தது. மழையை முன்னிட்டுக் கடைசித் தேதி தள்ளி வைக்கப்படுகிறது.

ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். "நம்முடெ விஜயம்" என்றார் குறுப்பு சார். அவருடைய அர்த்தம் தப்பாகப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானும் லட்டைத் தின்றேன். எதற்காகத் தின்கிறேன் என்றுதான் புரியவில்லை. எம்.எல்.ஏ. சொன்னதால் தள்ளி வைத்தார்களா? அல்லது அவர் முடியாது என்று சொன்னபிறகு வேறு யாரோ சொல்லித் தள்ளினார்களா? தள்ளிய நாளும் தீர்ந்தபின் மானியம் குறைந்தது குறைந்ததுதான். நாங்கள் கேட்டு வாங்கியது ஒரு மழைக்காலம். அதுகூட நாங்கள் வாங்கியதுதானா என்று தெரியாது. டேனியல் காலைப் போட்டு உடைத்த ஷீட்டுக்கு என்ன பதில் சொல்வது? நிதானமாக வெயிலில் செய்திருக்கலாமே.

பிறகு சங்கம் அந்த எம்.எல்.ஏ.வுக்குப் பொன்னாடை போர்த்தியது. விழா முடிந்து அவர் காருக்குப் போகும்போது, குறுப்பு சார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, விதியை மீறிப் போய்க் கேட்டேவிட்டேன். அன்றைக்கு அந்த அம்மாவிடம் இனி அவசரம் இல்லை என்றீர்களே, தமிழிலா, மலையாளத்திலா?

"ஏது அம்மை?" என்றார். அவருக்கு நினைவில்லை. நான் விஷயத்தை எடுத்துச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க எப்படி எடுத்தீங்க?"

"ரெண்டு விதமாவும் எடுத்தோம் சார்."

"ரெண்டும் சரியாயில்லே?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மலையாளத்தில் கேட்டால் ரெண்டும் சரியாகப் போய்விட்டதல்லவா, தமிழில் கேட்டால் ரெண்டுமே சரியில்லை.

இதுவரை எழுதியதில் பாதி மலரிலும் இருக்கிறது, குழப்பத்தை எடுத்துவிட்டு. கட்டுரையோடு போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். பயன் பெற்ற குடும்பம், கூரையில் பேனல், எல்லோரும் சிரித்துக்கொண்டு. அதற்காகப் போன மாதம் கல்லாறு போனேன். மறுபடி மத்தியானமாகிவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னையா சுவர்ப்பக்கம் திரும்பி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்றேன். செல்லத்தாயும் நானும் வாசல்படியில் உட்கார்ந்தோம்.

"இப்பல்லாம் சோறு தின்னதும் தூங்கிருதாரு" என்றாள். கொஞ்ச நேரம் மாங்காயைக் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மெஷின நிறுத்தி வச்ச நாள்ல மத்தியானம் பூரா எங்கிட்டப் பேசிக்கிட்டே கெடப்பாருக்கா. மூச்சு வாங்க வாங்கப் பேசுவாரு. எஸ்டேட்டுக் கத, அவுக அம்மா கத, சொன்னதையே திரும்பச் சொல்லுவாரு. வயசான காலத்துல எம்மேல இம்புட்டுப் பிரியமான்னு நெனச்சேன்."

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன்.

"தூங்குனா மூச்சு நின்னுரும்னு பயந்துல்லா பேசியிருக்காரு. இந்தத் தூக்கத்தப் பாத்தப்பறந்தான் எனக்குத் தெரியுது."

அவரிடம் கேட்டாயா என்றேன்.

"கேக்கலக்கா. கேட்டா, பிரியத்துலதான் பேசுனேம்பாரு" என்றாள். "அதுவும் பொய்யா இருக்காது."